மழை பொய்த்தாலும் வருகிற தண்ணீர்: சென்னைக்கு அடுத்தது கடல்நீரா, கழிவுநீரா?

#1 மடிப்பாக்கத்தான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூனில் எங்கள் தெரு முழுக்கக் குடங்கள் வரிசையில் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. போர்வெல்லில் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. லாரிக்குப் பதிந்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். தொலைக்காட்சியில் பார்த்தபோது பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அந்த வறட்சியிலும் நகரத்துக்கு ஒரு நாளைக்கு 50 கோடி லிட்டருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரயில் கொண்டுவந்தது அதில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

அதற்கப்புறம்தான் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. எல்லாம் சேர்த்து 11.75 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி ஒரு டி.எம்.சி.) நகரம் ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 13 டி.எம்.சி. வேண்டும். அதாவது எல்லா ஏரியும் தளும்பி, ஒரு சொட்டுகூட ஆவியாகாமல் இருந்தாலும் ஒரு வருடம் ஓட்ட முடியாது. வடகிழக்குப் பருவமழை ஒரு தடவை ஏமாற்றினால் போதும், அடுத்த மே மாதம் மறுபடியும் குடம்தான்.

நான் கேட்க வருவது இதுதான். வீட்டுக்கு வருகிற தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே போகிறது என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. 100 கோடி வந்தால் 80 கோடி போகிறது, அதுவும் தினமும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருகிற தண்ணீர் அது ஒன்றுதான். அதைக் குடிநீர்த் தரத்துக்குப் பக்கத்தில் சுத்தம் செய்து ஏரிகளில் விட்டால், இன்னொரு கடல்நீர் ஆலை எதற்கு? பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 4,276 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் பாதியைக் கழிவுநீருக்குச் செலவழித்தாலே நிலைமை மாறிவிடும் என்று நினைக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கிழக்குக் கடற்கரைச் சாலை

கடல் வற்றாது சார். 2010-இல் மீஞ்சூர் கடல்நீர் ஆலை, 2013-இல் நெம்மேலி ஆலை, 2024-இல் நெம்மேலியிலேயே இன்னும் 15 கோடி லிட்டர். 2019-இல் ஏரிகள் காய்ந்து கிடந்தபோது தென் சென்னையைத் தாங்கியது நெம்மேலித் தண்ணீர்தான். கையில் இருக்கிற வழியை விட்டுவிட்டுச் சாக்கடையைப் போய்ப் பிடிக்க வேண்டுமா?

#3 வீராணத்துக்காரன்

நீங்கள் எல்லாரும் சென்னையிலிருந்து கணக்குப் போடுகிறீர்கள். நான் காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு கணக்குச் சொல்கிறேன்.

வீராணம் 1,465 மில்லியன் கன அடி ஏரி. கொள்ளிடத்தில் கீழணையில் தேக்கி, வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து சேரும். இதை நம்பி 44 ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருக்கிறது. 2004-லிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கு ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் வரை போகிறது. 230 கிலோமீட்டர் பயணம். குடிக்கத் தண்ணீர் கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்கிற ஊர் இல்லை எங்கள் ஊர். ஆனால் மேட்டூரே திறக்காத வருடத்தில் ஏரி மட்டம் இறங்க இறங்க, கடைமடையில் நாற்று விட்டவனுக்குத் தூக்கம் வருவதில்லை. நானும் அப்படிச் சில வருடம் விழித்திருந்திருக்கிறேன்.

அதனால் மடிப்பாக்கத்தாருக்கு என் கேள்வி இதுதான். எங்கள் ஏரியிலிருந்து போகிற அந்த 18 கோடி லிட்டர், ஒருமுறை குளித்து, துவைத்து, கழுவிய பிறகு எங்கே போகிறது? கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் கலந்து கடலுக்குத்தானே போகிறது? ஒரே தடவை பயன்படுத்திவிட்டுக் கடலில் விடுவதற்கா 230 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகிறோம்? நீங்கள் இரண்டாவது தடவை பயன்படுத்தினால் எங்களுக்கு ஒரு மடை கூடுதலாகத் திறக்கும். எனக்கு இதில் வேறு வாதம் தேவையில்லை.

#4 ஓய்வுபெற்ற எஞ்சினியர்

நல்ல இழை. தண்ணீர் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் உப்புக் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் அளவுக்கு உப்பு. இரண்டாம் நிலை வரை, அதாவது நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைக் குறைக்கும் படி வரை, சுத்திகரித்த நகரக் கழிவுநீரில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அளவில்தான் இருக்கும். ஆர்.ஓ. எனப்படும், உப்பைப் பிரிக்கும் சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை இந்த உப்புதான் முடிவு செய்கிறது. கடல்நீருக்கு 60 பார் பக்கம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வேண்டும். கழிவுநீருக்கு 10 முதல் 15 பார் போதும். ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்றரை, நான்கு யூனிட் மின்சாரம் என்றால், கழிவுநீருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் முடியும். இன்னொன்று, கடல்நீர் 100 லிட்டர் எடுத்தால் நல்ல தண்ணீர் 40, 45 லிட்டர் கிடைக்கும். மீதி அடர் உப்புநீராகத் திரும்பக் கடலுக்கே போகிறது. கழிவுநீரில் 75 லிட்டர் வரை கிடைக்கும்.

இது சென்னைக்குப் புதிதும் இல்லை. மணலியில் இருக்கும் பெட்ரோலிய ஆலையும் உர ஆலையும் 1990-களிலேயே கழிவுநீரை விலைக்கு வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன. வேறு வழியில்லாமல் செய்தார்கள், ஆனால் செய்து காட்டினார்கள். அப்புறம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் மூன்றாம் நிலை ஆலைகள், அதாவது இரண்டாம் நிலைத் தண்ணீரை மேலும் சுத்தமாக்கும் ஆலைகள், வந்தன. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி, எண்ணூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது. தொழிற்சாலை எவ்வளவு நல்ல தண்ணீரை விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவும் வீடுகளுக்கு மிச்சம். இந்த இரண்டையும் நான் மிகப் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

இனி சங்கடமான பக்கம். மடிப்பாக்கத்தார் சொல்கிற 80 கோடி லிட்டரும் ஆலைக்கு வந்து சேர்வதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத விரிவாக்கப் பகுதிகள் இன்னும் இருக்கின்றன. மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவைத் திருட்டுத்தனமாக இணைத்திருப்பது எத்தனை தெருவில் என்று எண்ண முடியாது. ஆலைக்கு வராத கழிவுநீரை எந்த சவ்வாலும் சுத்தம் செய்ய முடியாது. பணத்தை முதலில் கொட்ட வேண்டியது குழாயில். திறப்பு விழா நடத்த முடியாத வேலை என்பதால் அது கடைசியில் போய் நிற்கிறது.

இரண்டாவது, ஏரியில் விடலாம் என்கிறீர்கள். எந்த மாதத்தில்? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஏரியில் வெள்ளத்துக்கு இடம் வைத்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்துவிட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். பருவமழை நேரத்தில் சுத்திகரித்த தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே நிரப்ப முடியாது. ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஏரி, மழைக் காலத்தில் தொழிற்சாலை மட்டும் என்று மாற்றி மாற்றித்தான் திட்டமிட வேண்டும். இதற்குக் குழாய் இரண்டு பக்கமும் வேண்டும். அந்த வரைபடத்தைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

#5 மடிப்பாக்கத்தான்

ஐயா, மாதக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. வருடத்துக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி.

வீராணத்து அண்ணா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அதை மீண்டும் பயன்படுத்த வேண்டும்" என்பது மட்டும்தான் பதில்.

#6 ஓ.எம்.ஆர். செயலாளர்

எங்கள் குடியிருப்பு 240 வீடு. நான் மூன்று வருடம் சங்கச் செயலாளர். நகரத்துக்கான பெரிய திட்டம் எனக்குத் தெரியாது. எங்கள் வளாகத்தில் இருக்கிற சின்ன சுத்திகரிப்பு நிலையத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், ஏனென்றால் பெரியதிலும் இதுதான் நடக்கும்.

கட்டிக் கொடுத்தவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன முதல் வருடம், அடித்தளத்தில் இருந்த நிலையத்தில் நாற்றம் தாங்க முடியவில்லை. ஃப்ளஷ் தொட்டியில் மஞ்சள் நிறத்தில் தண்ணீர். வீட்டு வீட்டுக்கு வாட்ஸாப்பில் படம் எடுத்துப் போட்டார்கள். கடைசியில் பொதுக்குழுவில் ஓட்டெடுத்து ஃப்ளஷ் லைனைப் போர் தண்ணீருக்கு மாற்றிவிட்டார்கள். சுத்திகரித்தது செடிக்கு மட்டும், மீதி லாரியில் வெளியே. ஒரு பக்கம் கழிவை ஏற்ற லாரி, இன்னொரு பக்கம் நல்ல தண்ணீர் இறக்க லாரி. இரண்டுக்கும் நாங்களே காசு கொடுத்தோம்.

என்ன கோளாறு என்று ஒரு இரவு நானே போய்ப் பார்த்தேன். மின்சாரக் கட்டணத்தை மிச்சப்படுத்த, பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள் இரவு பத்து மணிக்கு ப்ளோவரை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். அந்தத் தொட்டியில் வேலை செய்வது நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் காற்று வேண்டும். எட்டு மணி நேரம் காற்றில்லாவிட்டால் சாகின்றன, அழுகுகின்றன, நாறுகின்றன. இவ்வளவுதான் ரகசியம்.

ஒப்பந்தத்தை மாற்றினோம். ப்ளோவருக்குத் தனி மீட்டர் வைத்து, தினமும் காலையில் யூனிட்டை எழுதச் சொன்னோம். அப்புறம் ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துக் கசடு எவ்வளவு படிகிறது என்று பார்க்கும் சோதனையைக் காவலாளி அண்ணனே கற்றுக்கொண்டார். 250, 300 மில்லி படிந்தால் நலம். மேலே தெளிந்த தண்ணீர் தெரியும். அதற்குப் பிறகு மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, குளோரின். இரண்டு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது. ஃப்ளஷ் லைனைத் திரும்ப மாற்ற மறுபடியும் ஓட்டெடுப்பு. பெரும்பான்மை சம்மதம். இப்போது கோடையில் நல்ல தண்ணீர் லாரி ஏறக்குறைய பாதிதான் வருகிறது.

சொல்ல வந்தது என்னவென்றால், ஆலை கட்டுவது சுலபம். இரவு பத்து மணிக்கு மேல் அதை யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

#7 நங்கநல்லூர் அம்மா

ஒரு சந்தேகம் கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. செடிக்கு, ஃப்ளஷுக்கு சரி. ஏரியில் விட்டு அதையே குழாயில் கொடுப்பார்கள் என்றால் எங்கள் மாமியார் பூஜைக்குத் தண்ணீர் எடுக்க மாட்டார். சொல்லிப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. எனக்கே மனது ஒப்பவில்லை. இதற்கு வேறு நாட்டில் என்ன செய்தார்கள்?

#8 தெம்பனிஸ் அக்கா

நங்கநல்லூர் அம்மா, நான் சிங்கப்பூரில் இருபது வருடமாக இருக்கிறேன். இங்கேயும் அதே தயக்கம்தான் இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது.

இங்கே பெரிய ஆறு கிடையாது, பெரிய நிலத்தடி நீரும் கிடையாது. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்க 1962-இல் போட்ட ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதால் 2003-இல் நியூவாட்டர் என்ற பெயரில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். நுண் வடிகட்டி, ஆர்.ஓ., அப்புறம் புற ஊதாக் கதிர், இந்த மூன்று படி. அதற்கு முன்பே 2002 தேசிய நாள் கொண்டாட்டத்தில் பிரதமரும் மக்களும் ஒன்றாக அந்த பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். பிள்ளைகளை ஆலைக்கே அழைத்துப்போய்க் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். என் மகன் பள்ளியிலிருந்து போய்விட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் பெரும் பங்கு நேராகத் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. சிப் தயாரிக்கும் ஆலைகளுக்கு மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும், அவர்களுக்கு இது பொருத்தம். வறட்சியான மாதங்களில் நீர்த்தேக்கத்தில் கலக்கிறார்கள். அங்கே மற்றத் தண்ணீரோடு கலந்து, மறுபடியும் வழக்கமான சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்த்தான் குழாயில் வரும். மழைநீர், கழிவுநீர், குடிநீர் எல்லாம் ஒரே கழகத்தின் கையில் இருப்பதும் முக்கியக் காரணம். ஆப்பிரிக்காவில் நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968-லிருந்தே சுத்திகரித்த தண்ணீரை நேராகக் குடிநீரில் கலக்கிறது. மனது ஒப்ப நேரம் எடுக்கும். எடுக்கட்டும், அம்மா. அவசரப்படுத்தினால் நம்பிக்கை போய்விடும்.

#9 ஓசூர் சைக்கிள்

சிங்கப்பூர் வரை போக வேண்டாம். எங்களுக்குப் பக்கத்திலேயே கோலார் இருக்கிறது. பெங்களூரின் கோரமங்கலா, செல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018-லிருந்து கோலார் ஏரிகளில் விடுகிறார்கள். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்று திட்டம். ஒரு ஏரி நிறைந்து அடுத்ததற்குப் போகிறது, நம் சங்கிலி ஏரிகள் மாதிரியே. வருடக் கணக்கில் காய்ந்திருந்த கிணறுகளில் நீர் ஏறியது.

கூடவே இதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஏரியில் நுரை பொங்கியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டாம் நிலையோடு நிறுத்திவிட்டார்கள், மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று அங்கிருக்கிற மக்கள் இன்னும் கேட்கிறார்கள். தக்காளி விளைகிற மண் அது. அவர்கள் கேட்பது நியாயம். சென்னை செய்தால் இந்த மூன்றாம் படியை விட்டுவிடக் கூடாது.

#10 மீஞ்சூர் மண்

எங்கள் பக்கத்தை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் போட்ட மணலில் எங்கள் ஊர்களுக்குக் கீழே நல்ல தண்ணீர் இருந்தது. 1960-களில் ஆய்வு செய்து, நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைக்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு வறட்சிக் காலங்களில் விவசாயிகளே வயல் கிணற்றுத் தண்ணீரை விற்றார்கள். என் அப்பாவும் விற்றார். நெல்லைவிட அதில் வருமானம் நிச்சயம் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல தண்ணீர் வெளியே போகப் போகக் கடல் உள்ளே வந்துவிட்டது. இப்போது பல கிலோமீட்டர் உள்ளே வரை கிணறு உப்பு. தாத்தா குடித்த கிணற்றில் நான் வாய் கொப்பளிக்கக்கூட முடியாது.

மண்ணுக்குக் கீழே இருக்கிற அந்த மணல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதுவும் ஒரு நீர்த்தேக்கம்தான், வெயிலில் ஆவியாகாத நீர்த்தேக்கம். கொடுங்கையூரில் நன்றாகச் சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை எங்கள் பக்கம் கொண்டுவந்து, கடலுக்கும் கிணறுகளுக்கும் நடுவில் மண்ணுக்குள் இறக்கினால், உப்பை மெல்ல மெல்லப் பின்னால் தள்ளலாம். எஞ்சினியர் ஐயா, இது நடக்கக்கூடிய காரியமா?

#11 ஓய்வுபெற்ற எஞ்சினியர்

மீஞ்சூர்த் தம்பி, நடக்கக்கூடியது. கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டியில் 1970-களிலிருந்து இதைத்தான் செய்கிறார்கள். கடலோரமாக வரிசையாகக் கிணறு தோண்டி, சுத்திகரித்த தண்ணீரை உள்ளே இறக்கி, உப்பு வராமல் ஒரு நீர்ச்சுவர் மாதிரி நிறுத்துகிறார்கள். ஆனால் தரத்தில் துளியும் சமரசம் கூடாது. மண்ணுக்குள் அழுக்கு இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை. உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் லாரிக்காரர் இறைத்துக்கொண்டு போனாலும் பிரயோசனமில்லை. சென்னை நிலத்தடி நீருக்கு 1987-லிருந்தே சட்டம் இருக்கிறது. அதை உண்மையாக நடைமுறைப்படுத்த வேண்டும்.

இந்தக் கேள்வி ஏரியைப் பற்றிய என் சிக்கலுக்கும் விடை தருகிறது. மழைக் காலத்தில் ஏரியில் இடமில்லை என்றேன். மணலுக்குள் இடம் இருக்கிறது.

#12 கிழக்குக் கடற்கரைச் சாலை

மின்சாரக் கணக்கைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கடல்நீர் ஆலை வேண்டாம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், கடைசி நேரக் காப்பு அதுதான். ஆனால் வருடம் முழுக்க முதலில் திறக்க வேண்டிய குழாய் அது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி. மழைநீரைப் பற்றி யாருமே பேசவில்லையே?

#13 மடிப்பாக்கத்தான்

நீங்கள் கேட்டதும் வீட்டு மொட்டைமாடியை அளந்தேன். 1,000 சதுர அடி. சென்னையில் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் அளவு. அப்படியென்றால் என் ஒரு மாடியில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். வழிந்து, தெறித்து, ஆவியானது போக ஒரு லட்சம் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரி எட்டு! மாநகராட்சிப் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், அதில் விழுகிற மொத்த மழை 21 டி.எம்.சி. வரும். நகரத்தின் ஓர் ஆண்டுத் தேவையைவிட அதிகம்.

2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் அப்பாவும் ஒரு குழி தோண்டினார். அதற்குப் பிறகு அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. மூடியைத் தூக்கினேன். ஜல்லி முழுக்கச் சேறு படிந்து கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. எத்தனையோ மழை இந்தக் குழியைத் தொடாமல் தெருவில் ஓடியிருக்கிறது. இன்று ஆள் வைத்து ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டேன். அரை நாள் வேலை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாமாவும் அவர் வீட்டுக் குழியைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டார்.

முதல் பதிவில் "இன்னொரு கடல்நீர் ஆலை எதற்கு" என்று கேட்டிருந்தேன். அதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: மழையை மண்ணுக்குள் இறக்குவது முதலில். கழிவுநீர்க் குழாய்களைச் சரிசெய்து, சுத்திகரித்த தண்ணீரைத் தொழிற்சாலைக்கும் ஏரிக்கும் மீஞ்சூர் மணலுக்கும் கொடுப்பது இரண்டாவது. அதற்கும் மேலே பற்றாக்குறை வந்தால் கடல். வீராணத்திலிருந்து எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கிற தேதியையும் இந்தத் திட்டத்தில் எழுத வேண்டும்.

#14 வீராணத்துக்காரன்

தேதி எழுத வேண்டும் என்று சென்னையில் இருக்கிற ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். நன்றி தம்பி. ஏரி 47.5 அடிக்கு நிறைந்து நிற்கும்போது ஒரு தடவை ஊருக்கு வாருங்கள். கரை மேல் நடந்து காட்டுகிறேன்.

#15 நங்கநல்லூர் அம்மா

செயலாளர் சார், உங்கள் நிலையத்தை வெளி ஆட்கள் பார்க்கலாமா? தெம்பனிஸ் அக்கா சொன்னதைப் படித்துக் காட்டினேன். மாமியார் "நேரில் பார்த்தால் சொல்கிறேன்" என்கிறார்.

#16 ஓ.எம்.ஆர். செயலாளர்

தாராளமாக அம்மா. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாருங்கள், அப்போதுதான் அந்த உருளைச் சோதனை செய்வோம். அடித்தளத்துக்குப் படி கொஞ்சம் செங்குத்து, பெரியவர் இறங்க லிஃப்ட் இருக்கிறது. மடிப்பாக்கத்தாரும் வருவதானால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், வாசலில் பெயர் கொடுத்து வைக்கிறேன்.